பென்ஷன் அவருக்கு, ஓய்வு யாருக்கு?

அறுபது வயது நிறைந்து, உங்கள் கணவர் கந்தோரிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ பிரியாவிடை மாலையுடன் வீடு திரும்பிய நாளை நினைத்துப் பாருங்கள். மறுநாள் சுபஹுக்குப் பின் அவர் சாய்மனைக் கதிரையில் பத்திரிகையுடன் அமர்ந்துவிட்டார். நீங்கள்? வழமைபோலக் குசினிக்குள். முன்பெல்லாம் பகல் சோற்றைக் கட்டிக் கொடுத்தால் மாலை வரை உங்கள் பாடு. இப்போது பத்து மணிக்கு ஒரு தேநீர், பதினொன்றரைக்கு இன்னொன்று, இடையில் 'என்ன கறி?' என்ற விசாரணை வேறு. உத்தியோகம் முடிந்தது அவருக்கு. உங்களுக்கோ வேலை கூடிவிட்டது.

பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஹஜ்ஜோ உம்றாவோ நிறைவேறியிருந்தால் அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது, மையித்து வீடுகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் போய் வருவது, இவ்வளவுதானா? வெளிநாடுகளில் சில முதிய தம்பதிகள் இந்தக் கேள்விக்கு விசித்திரமான ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்! பணக்காரர் கூத்து என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டிக்குள் வேலை எப்படிப் பிரிகிறது என்பதுதான் நமக்கு விஷயம்.

வண்டி என்றால் பஸ் அளவிலும் உண்டு, வேன் அளவிலும் உண்டு. மோட்டார் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கரவனும் உண்டு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சிறிய குளிர்சாதனப் பெட்டி, கழிவறை எல்லாம் அடக்கம். அமெரிக்காவில் இது நூறாண்டைத் தாண்டிய பழக்கம். 'எயார்ஸ்ட்ரீம்' என்ற அலுமினிய வண்டிகளைச் செய்த வோலி பயம் என்பவர் 1959இல் ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு, தென்னாபிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆபிரிக்காக் கண்டம் முழுவதையும் இந்த வண்டிகளில் கடக்கப் புறப்பட்டார். அவுஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பின் இப்படி ஊர் சுற்றுபவர்களை 'நரைத்த நாடோடிகள்' என்றே அழைக்கிறார்கள். அந்த நாட்டைச் சுற்றிவரும் முதலாம் இலக்க நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். ஒரு சுற்று முடிக்க ஒரு வருடம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் பெரிய வீட்டைக் கூட்டும் வேலை இல்லை. கூட்டுவதற்கு நாலு முழம் நிலம்தான். துவைக்க இரண்டு பேரின் உடுப்பு. இரண்டு சட்டி, நாலு கோப்பை, அதற்கு மேல் வைக்க இடமே இல்லை. ஆனால் வீட்டில் இல்லாத வேலைகள் இங்கே வந்து சேர்கின்றன. நல்ல தண்ணீர்த் தாங்கியை நிரப்ப வேண்டும். கோப்பை கழுவிய, குளித்த தண்ணீர் ஒரு தாங்கியில் சேரும். கழிவறைக் கழிவு வேறொரு தாங்கியில் சேரும். இவற்றை அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். பற்றறியில் மின்சாரம் எவ்வளவு மிச்சம், கேஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். டயரின் காற்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க, மற்றவர் கீழே நின்று கை காட்ட வேண்டும்.

ஆறடி அகலத்துக்குள் ஒருவர் வேலை செய்ய மற்றவர் சும்மா இருக்க முடியாது, சகோதரிகளே. இருந்தால் காலில் தட்டுப்படுவார்! அவர் வெளியே தாங்கியைக் கவனிக்கும்போது இவர் உள்ளே ரொட்டி சுடுகிறார். மறுநாள் இவர் வரைபடம் பார்த்து வழி சொல்ல, அவர் உருளைக்கிழங்கு உரிக்கிறார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் பேசித் தீராத விஷயத்தை இடநெருக்கடி தீர்த்துவைக்கிறது. எல்லா வண்டியிலும் இப்படியா என்றால், இல்லை. சக்கரத்தின் மேலும் அதே குசினியைத் தனியாகச் சுமக்கும் மனைவிமார் இருக்கத்தான் செய்வார்கள்.

வேலை சுருங்கினால் நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் பிறப்பவைதான் பொழுதுபோக்குகள். பெண்கள் தையல் இயந்திரத்தையே கொண்டுபோய்த் துண்டுத்துணிகளால் போர்வை தைக்கிறார்கள். சிலர் தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் பறவை பார்க்கிறார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் குவாட்சைட் என்று ஒரு சிற்றூர். வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வண்டிகள் அங்கே வந்து குவிகின்றன. அங்கே நடக்கும் இரத்தினக்கல், பாறைக்கல் சந்தைகள் பேர்போனவை. கல் பொறுக்கித் தீட்டுவதே சில தம்பதிகளின் பைத்தியம்.

இனி நமக்கே உரிய ஒரு விஷயம். தூரப் பயணம் என்றதும் நம் பெண்கள் தயங்குவது ஏன்? செலவு மட்டுமா? வெளியே சொல்லாத காரணம் கழிவறை. வழியில் எங்கே ஒதுங்குவது, எங்கே உளூச் செய்வது, எங்கே தொழுவது? ஆண்களுக்கு வீதியோரப் பள்ளிவாசல் ஒன்று போதும். எல்லாப் பள்ளிவாசலிலும் பெண்களுக்கு இடம் இருப்பதில்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பயணம் போகும் உம்மாமார் எத்தனை பேர்! நீரிழிவுக்கு மருந்து குடிக்கும் வயதில் இது எவ்வளவு ஆபத்து! வண்டிக்குள் ஒரு கழிவறையும் ஒரு தாங்கித் தண்ணீரும் இருந்தால் இந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

தண்ணீரும் அளவானதுதான். திறந்த குழாயில் உளூச் செய்தால் பல லீற்றர் ஓடிவிடும். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் உளூச் செய்ததாக ஹதீஸில் வருகிறது. அது முக்கால் லீற்றர் அளவுதான். ஒரு கெண்டித் தண்ணீர் தாராளம். கஸ்ருத் தொழுகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் சுமார் 82 கிலோமீற்றர் தூரம் என்று உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். வீடே வண்டியாகிவிட்டவருக்குக் கஸ்ரு உண்டா என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுவோம்!

இந்த வாழ்க்கையில் கசப்பும் உண்டு. 2008இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்காவில் வீட்டை இழந்த முதியவர்கள் பலர் வேறு போக்கிடம் இல்லாமல் வேனில் குடியேறினார்கள். அறுபது, எழுபது வயதில் பண்டசாலைகளில் பொதி கட்டினார்கள். முகாம்களில் கழிவறை கழுவினார்கள். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு திரிந்து 2017இல் 'நோமட்லாண்ட்' என்ற நூலை எழுதினார். அதில் தனித்த பெண்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஓய்வூதியம் போதாத வீட்டில் சக்கரம் பூட்டினால் வறுமையும் கூடவே உருண்டு வரும்.

பென்ஷனே இல்லாமல் உலகம் சுற்றியவர்களும் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி கோப்பி ஹவுஸ்' என்ற சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயனும் மோகனாவும் நாளுக்கு 300 ரூபா ஒதுக்கி, போதாததற்குக் கடன் பட்டு, 26 நாடுகளைப் பார்த்தார்கள். திரும்பி வந்து கடனை அடைத்தபின் அடுத்த நாட்டுக்குச் சேமிப்பார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமானார். கடையில் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். பயணம் என்றால் கடையைப் பூட்டிவிட்டார்கள். அடுப்பு இருவருக்கும் ஒரே நாளில் அணைந்தது. எனக்குப் பிடித்தது 26 என்ற எண்ணிக்கையை விட இந்த அடுப்பு அணைந்த சங்கதிதான்.

சரி, நம் பக்கம் வருவோம். ஏறாவூருக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் பஸ்ஸில் போகும்போது சித்தாண்டியை எத்தனை தடவை கடந்திருப்பீர்கள்! மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். முருகன் கோயில், வயல்வெளி, தூரத்தே வாவிப்பக்கத்துக் காற்று. எருமைத்தயிர் வாங்க இறங்கியதைத் தவிர வேறெதற்காவது இறங்கியதுண்டா? நம்மிற் பலர் இறங்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின், பொழுது சாய்ந்தால் இந்த வீதியில் யார் போனார்? அந்த வருடம் சித்தாண்டித் தாய்மாரும் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அழுதார்கள். யுத்தம் 2009 மே மாதத்தில்தான் ஓய்ந்தது. 1990இல் உங்களுக்கு 25 வயது என்றால் 2025இல் 60. ஊர் பார்க்கும் வயதெல்லாம் சோதனைச் சாவடியில் போய்விட்டது. இப்போது நீங்கள் கேட்பது சொகுசா, பாக்கிக் கணக்கா?

நமக்கு அமெரிக்க வண்டி தேவையில்லை, வாங்கவும் முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வேனின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு டொல்பின் வேனை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். பின் இருக்கையைக் கழற்றி, பாயும் தலையணையும் போட்டு, ஒற்றை அடுப்பு ஒன்று, தண்ணீர்க் கலன் இரண்டு ஏற்றினால் போதும். அடுப்பை எப்போதும் வேனுக்கு வெளியே வைத்துத்தான் மூட்ட வேண்டும். மூடிய வண்டிக்குள் கேஸ் கசிவதும் புகை சேர்வதும் உயிருக்கே ஆபத்து. கழிவறை இல்லாத குறைக்கு உறவினர் வீடுகளையும் பெண்களுக்கு வசதியுள்ள பள்ளிவாசல்களையும் முன்கூட்டியே விசாரித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சித்தாண்டியில் தயிர் வாங்கிக்கொண்டு வடக்கே போனால் கிரான், வாழைச்சேனை, கிளைவீதியில் பாசிக்குடா. கடல் ஆழமில்லாமல் தூரம்வரை படுத்துக் கிடக்கும் குடா அது. முழங்கால் வலியுள்ளவரும் காலை நனைக்கலாம். ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, பனிச்சங்கேணி, வாகரை, வெருகல், மூதூர் என்று வீதி போகிறது. முன்பு இந்தத் திருகோணமலை வழியில் துறைக்குத் துறை 'பாதை' ஏறி இறங்க வேண்டும், காத்திருந்தே பொழுது போகும். சவூதி அரேபிய நிதியுதவியுடன் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது.

போகுமுன் ஒன்று. வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது? வங்கி அட்டையின் இலக்கம் யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியினர் 1978இல் 'எஸ்கேப்பீஸ்' என்ற பயணிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரிலிருந்து, நிலையான வீடில்லாத உறுப்பினர்களின் கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பின்னர் அங்கேயே ஒரு பராமரிப்பு நிலையத்தையும் அமைத்தார்கள். நோயோ முதுமையோ வந்து, அல்லது துணை மௌத்தாகி, இனிப் பயணம் செய்ய முடியாதவர்கள் தம் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் கவனிப்பும் பெறலாம். இருவராகப் புறப்பட்ட பயணம் ஒருநாள் ஒருவரில் முடியும் என்பதை அவர்கள் முதலிலேயே கணக்கில் எடுத்தார்கள். நம் ஊரில் ஸ்கூட்டி ஓட்டும் சகோதரிகளுக்குப் பஞ்சமில்லை. ஐம்பத்தைந்து வயதில் வேன் ஓட்டப் பழகினால் யார் சிரிப்பார்? சிரித்தால் சிரிக்கட்டும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரிவரை நமக்கு மாரி. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பார் மறக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியும் மாத்தறையும் உள்ள தெற்குக் கரைப் பக்கம் போகலாம், அங்கே அப்போது நல்ல காலம். கிழக்குக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஏற்றது. அப்போது ஒரு பௌர்ணமி இரவைப் பிடித்து, மீன் பாடும் சத்தம் கேட்கிறதா என்று கல்லடிப் பாலத்தடியில் இருவருமாகக் காது கொடுத்துப் பாருங்கள். வீட்டில் சோற்றுப் பானை அன்றைக்குக் கவிழ்ந்தே கிடக்கட்டும்.