பிக்கப் எங்கே போனது?

கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பழைய 1,200 சிசி பெட்ரோல் கார் 12-வது வளைவிலேயே கையை விரித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தாலும் இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தே எங்களை ஓரங்கட்டியது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டால், அதே இன்ஜின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"பிக்கப் இல்லை", "புல்லிங் இல்லை" என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்கிறோமே, அந்தக் கோளாறின் குணமே இதுதான். 1,200 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில், முழு மிதியில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 3,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. ஐடிலிங்கில் 200 லிட்டர்கூட எடுக்காது. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. நூறு பேர் பந்தியில் உட்காரும்போதுதான் எந்த அண்டா ஓட்டை என்பது தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்பிஎம் முள்ளை. மிதித்ததும் முள் சரசரவென ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஊட்டி போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். டர்போ இல்லாத கார் அங்கே அந்த அளவுக்குத் தளர்வது இயல்பு. அதற்காக மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. எங்கள் காருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. மலையில் பாதிகூட ஏறவில்லை.

முள்ளும் ஏற மறுத்தால் விசாரிக்க வேண்டியவை நான்கு: காற்று, பெட்ரோல், தீப்பொறி, புகை வெளியேறும் வழி. காற்றுக்கு ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும். பெட்ரோலுக்கு டேங்குக்குள் இருக்கும் பம்ப்பின் அழுத்தத்தை அளக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் 3 முதல் 4 பார் இருக்கும். நின்ற இடத்தில் அளப்பதில் பாதிப் பயன்தான். மிதிக்கும்போது அந்த அழுத்தம் சரிகிறதா என்பதே கேள்வி.

தீப்பொறி விஷயம் சுவாரஸ்யமானது. ஸ்பார்க் பிளக்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாவ வேண்டும். மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக அடைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தமான காற்றில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் நைந்திருந்தால் ஐடிலிங்கில் சமாளித்துவிடும், மேட்டில் கைவிடும். அதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறோம்.

எங்கள் காரிலும் கதை அங்கேதான் தொடங்கியது. மலை ஏறுவதற்குச் சில மாதம் முன்பு மிஸ்ஸிங் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும் 'பி0302' என்று காட்டியது: இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது. இந்த எரர் கோடு இடத்தைத்தான் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினோம். கோடு 'பி0303' ஆகிவிட்டது. காயில்தான் கெட்டிருக்கிறது என்பது பத்து நிமிடத்தில், பத்துப் பைசா செலவில்லாமல் தெரிந்தது. புதுக் காயில் வாங்கத்தான் சோம்பல்பட்டு மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.

காயில் மாற்றியதும் மிஸ்ஸிங் போய்விட்டது. ஆனால் பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கொல்லிமலையில் மானம் போனது. ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எதையும் அளந்து பார்க்காமல் "பம்ப் போயிருக்கும்" என்றார்கள். பம்ப்பை மாற்றினோம். பணம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் நாமக்கல்லில் வயதான மெக்கானிக் ஒருவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், வண்டி மூச்சை இழுக்குது. விட முடியல." புகைக் குழாயில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ-க்குள் நிற்க வேண்டிய முள் 9-ஐத் தொட்டது.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டரின் எரியாத பெட்ரோல் அப்படியே அங்கே வந்து சேர்ந்து அங்கே எரிகிறது. வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி எகிற எகிற, பீங்கான் உருகித் துளைகள் அடைபடுகின்றன. புகை வெளியேறாமல் சிலிண்டருக்குள்ளேயே தங்கினால் புதுக் காற்றுக்கு அங்கே ஏது இடம்? கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் தேன்கூடு, மறுபக்கம் உருகி இறுகிய கட்டி. புதுக் கன்வெர்ட்டர் மாட்டிய அன்றே பழைய பிக்கப் திரும்பிவிட்டது.

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் ஸ்கேன் செய்து பாருங்கள். அது விட்டு விட்டு மினுக்கினால், மிஸ்ஸிங் கன்வெர்ட்டரையே உருக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். அப்போது மிதியை விட்டு, வண்டியை ஓரம் கட்டி மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள். என்னைப் போல மூன்று வாரம் ஓட்டாதீர்கள்.