பட்டப்பின் ஆய்வுப் புலமைப்பரிசில்

கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், நிரந்தரப் பதவியை ஏற்பதற்கு முன், மூத்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுகூடத்தில் குறிப்பிட்ட காலம் கொடுப்பனவுடன் ஆய்வு செய்ய வழங்கப்படும் வாய்ப்பே பட்டப்பின் ஆய்வுப் புலமைப்பரிசில் எனப்படும். பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் முன்னின்று 1983இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய உலக விஞ்ஞான அக்கடமியும், இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றமும் இணைந்து உருவாக்கிய திட்டம், வளர்முக நாடுகளின் இளம் கலாநிதிகள் அம்மன்றத்தின் அரச ஆய்வுகூடங்களில் 6 முதல் 12 மாதங்கள் வரை பணியாற்ற வழிசெய்வதாகும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வுகூடமும், தேயிலையை ஆராயும் இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூர் நிறுவனமும் அவற்றுள் அடங்கும்.

தேயிலை விளையும் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பாலம்பூரின் பெயர் தனிக் கவனத்துக்குரியது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் பதுளைச் சரிவுகளின் கொழுந்து நீர்ப்பற்றாக்குறைக்கு உள்ளாகும்போது, மீத்தைல் சலிசிலேற்று எனும் நறுமணச் சேர்வை மிகுவதாலேயே ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற வாசம் பிறக்கிறது. அந்த இரசாயனத்தை ஆராயும் உரிமை, கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளுக்கே முதலில் உண்டு. 2005இல் பதுளையில் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தில் முதற்பட்டம் வழங்குவதால், பதுளை, மொனராகலை மாணவருக்கு இப்பாதையின் முதற்படி அருகிலேயே உள்ளது. இத்தகைய புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிப்பவர், தம்மை ஏற்கும் ஆய்வுகூடத்தின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும்.