தெளிந்த ஏரி, குறைந்த மீன்

கருங்கடலிலும் காஸ்பியன் கடலிலும் கலக்கும் ஆறுகளே வரிக்குதிரை மட்டியின் தாயகம். டிரெய்செனா பாலிமார்ஃபா என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த நன்னீர் மட்டியை முதலில் விவரித்து எழுதியவர் இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ், ஆண்டு 1771. வளர்ந்த மட்டி பெரும்பாலும் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஐரோப்பாவில் வணிகத்துக்காக ஆறுகளைக் கால்வாய்கள் வெட்டி இணைத்தபோது, படகுகளோடு சேர்ந்து இதுவும் மேற்கே நகர்ந்தது. 1820களில் லண்டன் துறைமுகத்தை எட்டிவிட்டது.

அட்லாண்டிக்கைக் கடக்க அதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. சரக்கு ஏற்றாத கப்பல் கடலில் நிலைகுலையாமல் செல்ல, அதன் அடித்தொட்டிகளில் துறைமுக நீரை நிரப்புவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சரக்கை ஏற்றியதும் அந்த நீர் வெளியே கொட்டப்படும். இந்த அடிப்பார நீரில்தான் மட்டியின் இளம் உயிரிகள் வட அமெரிக்காவுக்கு வந்தன என்று கருதப்படுகிறது. 1988 ஜூன் மாதம் அமெரிக்க–கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் முதல் மட்டி சிக்கியது. மறு ஆண்டே அதன் நெருங்கிய உறவான குவாகா மட்டி ஈரி ஏரியில் கிடைத்தது. உலகின் தரைமேல் உள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்ட பேரேரிகளில் இவ்விரண்டும் சில ஆண்டுகளிலேயே பரவின.

இந்த வேகத்துக்குக் காரணம் அவற்றின் இனப்பெருக்க முறை. தமிழ்நாட்டுக் குளங்களில் வாழ்பவை உட்பட, பெரும்பாலான நன்னீர் மட்டிகளின் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில காலம் ஒட்டி வளர வேண்டும். ஏற்ற மீன் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை. வரிக்குதிரை மட்டிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு பெண் மட்டி ஓர் ஆண்டில் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து, பிறகு கெட்டியான ஏதேனும் ஒரு பரப்பில் இறங்கி, வலுவான நார் இழைகளைச் சுரந்து ஒட்டிக்கொள்கின்றன. பாறை, படகு, குழாய், மற்றொரு மட்டியின் ஓடு என்று எதையும் அவை விட்டுவைப்பதில்லை.

முதல் அடி குடிநீர்க் குழாய்களுக்கும் மின் நிலையங்களுக்கும் விழுந்தது. ஏரி நீர் தொடர்ந்து பாயும் குழாயில் உணவும் ஆக்சிஜனும் குறைவின்றிக் கிடைப்பதால் மட்டிகள் அடுக்கடுக்காகப் படிந்தன. மிச்சிகன் மாநிலத்து மின் நிலையம் ஒன்றில் சதுர மீட்டருக்கு 7 லட்சம் மட்டிகள் வரை பதிவாயின. ஈரி ஏரிக்கரையிலுள்ள மன்றோ நகரில் 1989 இறுதியில் நீரெடுக்கும் குழாய் அடைபட்டு, குடிநீர் விநியோகமே தடைபட்டது. குழாய்களைச் சுரண்டுவதும் குளோரின் கலப்பதும் அதன்பின் ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய செலவாகிவிட்டன.

குழாயைச் சுத்தம் செய்துவிடலாம். ஏரிக்குள் நேர்ந்த மாற்றத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை. வளர்ந்த மட்டி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டித் தின்கிறது. கோடானுகோடி மட்டிகள் இதைச் செய்யும்போது கலங்கிய நீர் தெளிகிறது. பார்ப்பவருக்கு ஏரி தூய்மையானதாகத் தோன்றும். உண்மையில் குறைவது அழுக்கன்று, தீனி. நுண்பாசியைச் சிறு மிதவை விலங்குகளும், அவற்றைச் சிறு மீன்களும், அவற்றைப் பெரிய மீன்களும் தின்னும் சங்கிலி அடியிலேயே அறுபடுகிறது. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் 1991இல் இந்த மட்டி நுழைந்த சில ஆண்டுகளில் மிதக்கும் நுண்பாசி 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மிச்சிகன் ஏரியின் அடியில் நிறைந்திருந்த டிப்போரியா என்ற இறால் போன்ற சிற்றுயிர் பெரும்பகுதியில் மறைந்துபோக, அதை நம்பியிருந்த வெள்ளைமீன்கள் மெலிந்தன. ஹூரான் ஏரியில் 2003–04 வாக்கில் ஏல்வைஃப் மீன்கள் ஏறக்குறைய அற்றுப்போனதற்கும், அவற்றைத் தின்று வாழ்ந்த சால்மன் மீன்பிடிப்பு சரிந்ததற்கும் இந்தத் தீனிக் குறைவு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

நடுநீரில் குறைந்த சத்து மட்டிகளின் உடலாகவும் கழிவாகவும் அடிப்பரப்பில் சேர்கிறது. தெளிந்த நீர் வழியே வெயிலும் அதே இடத்துக்கு எட்டுவதால் கிளாடோஃபோரா என்ற இழைப்பாசி அங்கே தழைக்கிறது. அது கரையில் ஒதுங்கி அழுகி நாறுகிறது. அழுகும் பாசி ஆக்சிஜனைத் தீர்த்த இடங்களில் போட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா பெருகி, மீன்களின் வழியாக நீர்ப்பறவைகளைக் கொல்கிறது. நச்சு கக்கும் மைக்ரோசிஸ்டிஸ் நீலப்பச்சைப் பாசியை மட்டிகள் பெரும்பாலும் தின்னாமல் துப்பிவிடுகின்றன. போட்டிப் பாசிகள் தின்னப்பட்டு அது மட்டும் மிஞ்சுவதால், வயல்களிலிருந்து உரச்சத்து வந்து சேரும் ஏரிகளில் நச்சுப்பாசிப் பெருக்கத்துக்கு மட்டிகளும் துணைபோகின்றன.

உள்ளூர் மட்டிகளின் இழப்பு இன்னும் நேரடியானது. அவற்றின் ஓட்டின் மேல் வந்தேறிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொள்வதால் அவை ஓட்டைத் திறக்கவோ இரை கொள்ளவோ முடியாமல் மடிகின்றன. செயின்ட் கிளேர் ஏரியிலும் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலும் சில ஆண்டுகளிலேயே அவை ஏறக்குறைய அழிந்தன. ஓரங்களிலுள்ள சதுப்பு நிலங்களில் மட்டும் சில தப்பியுள்ளன.

முதலில் பரவியது வரிக்குதிரை மட்டி என்றாலும் பேரேரிகளின் பெரும்பகுதியில் இன்று மேலோங்கியிருப்பது குவாகா மட்டியே. குளிர்ந்த ஆழத்திலும் மென்மையான சேற்றிலும் அது வாழும். குறைந்த தீனியிலும் பிழைக்கும். வந்தேறிகளால் பயனடைந்தவையும் உண்டு. கருங்கடல் பகுதியிலிருந்தே வந்து சேர்ந்த உருண்டை கோபி மீனும், மூழ்கி இரைதேடும் வாத்துகளும் மட்டிகளைத் தின்கின்றன. ஆனால் மட்டிகள் பெருகும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் நீர் நிறைந்த கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் 2006இல் பொட்டாசியம் குளோரைடு கலந்து மட்டிகளை முற்றாக ஒழித்தார்கள். பரந்த ஏரியில் அந்த அளவு மருந்தைக் கலப்பது நடக்கிற காரியமன்று. கலந்தால் மற்ற உயிர்களும் பாதிக்கப்படும். எனவே புதிய இடங்களுக்குப் பரவாமல் தடுப்பதே முதன்மையான வழி. பேரேரிகளுக்குள் வரும் கப்பல்கள் நடுக்கடலிலேயே அடிப்பார நீரை மாற்ற வேண்டும் என்ற விதி 1993இல் நடைமுறைக்கு வந்தது. உலக அளவிலான அடிப்பார நீர் உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017 முதல் செயல்பாட்டில் உள்ளது. நிலவழியாகக் கொண்டு செல்லப்படும் படகுகளே இப்போது பெரிய கவலை: 2007இல் குவாகா மட்டி நெவாடா–அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரியை எட்டியது அந்த வழியில்தான் என்று கருதப்படுகிறது. அதனால் ஏரிகளை விட்டு வெளியேறும் படகைக் கழுவி, உள்ளே தேங்கிய நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு நீர்நிலையில் இறக்க வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் பல வலியுறுத்துகின்றன. மீன்தொட்டி வணிகத்தின் மீதும் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது; 2021இல் அமெரிக்கக் கடைகளில் அலங்காரத்துக்காக விற்கப்பட்ட பாசி உருண்டைகளுக்குள் உயிருள்ள வரிக்குதிரை மட்டிகள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.