கடனும் கண்ணியமும்

கையில் பணமின்றியே பொருள் வாங்க உதவுவது கடன் அட்டை. மாதந்தோறும் வரும் கணக்கறிக்கையில் மொத்த நிலுவை, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை என இரண்டு எண்கள் இருக்கும். சிறிய எண்ணைச் செலுத்தினால் போதும் என்று எண்ணும்போதே சிக்கல் தொடங்குகிறது.

நிலுவை 10,000 ரூபாய், மாத வட்டி 3.5 விழுக்காடு எனக் கொள்வோம். குறைந்தபட்சத் தொகையாக 500 ரூபாய் செலுத்தினால், அதில் 350 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 150 ரூபாய் மட்டுமே. வட்டிமீது விதிக்கப்படும் வரியையும் கழித்தால் அதுவும் சுருங்கும். மேலும், நிலுவையை முழுமையாகச் செலுத்தாதவர் புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலத்தை இழப்பார்.

தவணை தவறியவரை வசூல் முகவர்கள் அணுகுவதுண்டு. கொடுத்த கடனைக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கடன்பட்டவரை இழிவுபடுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. மிரட்டுதல், பலர் அறிய அவமதித்தல், குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் தொல்லை தருதல், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைத்தல் ஆகியவை கூடா என இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அறிவுறுத்தியுள்ளது.

அத்துமீறல் நேர்ந்தால், அழைப்பு வந்த நாள், நேரம், பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, வங்கிக்கு எழுத்து வழியே முறையிட வேண்டும். 30 நாள்களுக்குள் தக்க மறுமொழி கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வாங்கிய கடனைத் தீர்க்கும் பொறுப்பு அப்போதும் நம்முடையதே. ஆதலால், செலுத்த இயலாத நிலை வரும்போது அஞ்சி ஒளியாமல், வங்கியை நாடி நிலையை விளக்கித் தவணை கேட்பதே நலம்.