சுவரில் மாட்டும் சான்றிதழ் சிகிச்சை தரும் உரிமை அல்ல

பணம் கட்டும் முன் யாரும் என்னிடம் கேட்க வருவதில்லை. கட்டி ஆறேழு மாதம் ஆன பிறகுதான் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வருகிறார்கள். உள்ளே தங்க நிற முத்திரை ஒட்டிய சான்றிதழ்: 'என்.எல்.பி. மாஸ்டர் பிராக்டிஷனர்', 'சர்டிஃபைடு கிளினிக்கல் ஹிப்னோதெரபிஸ்ட்'. ரசீது எங்கே என்றால் இருக்காது. இருந்தாலும், ரசீதில் ஒரு பெயரும் பணம் போன வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஐ.டி. வேலை போனவர், வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைத்த இல்லத்தரசி என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள். 99 ரூபாய் ஆன்லைன் வகுப்பில் ஆரம்பித்து, "இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் கட்டினால் பாதிக் கட்டணம்" என்ற அவசரத்தில் முப்பதாயிரம், அறுபதாயிரம் என்று ஏறி, கடைசியில் "இனி நீங்களே சிகிச்சை தரலாம்" என்ற வாக்குறுதியில் வந்து நிற்கும்.

தர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்களுக்கும் போய்ச் சேரட்டும். இந்தியாவில் என்.எல்.பி. எனப்படும் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்குக்குச் சட்டப்படி அங்கீகாரம் வழங்கும் வாரியமோ கவுன்சிலோ கிடையாது. ஹிப்னோதெரபிக்கென்று தனி அரசுப் பதிவேடும் கிடையாது. அந்தச் சான்றிதழ், ஒரு தனியார் வகுப்புக்குப் போய் வந்தீர்கள் என்பதற்கான அத்தாட்சி. அவ்வளவுதான்.

"அரசாங்கமே அனுமதி கொடுத்த கடிதம் இருக்கிறதே" என்பார்கள். இருப்பது உண்மை. மாற்று மருத்துவ முறைகளை ஆராய ஐ.சி.எம்.ஆர். தலைமை இயக்குநர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, மத்திய நல்வாழ்வு அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஹிப்னோதெரபியும் அக்குபங்சரும் தனி மருத்துவ முறைகள் அல்ல, சிகிச்சை வழிகள். பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அதன் ஒரு பகுதி. வகுப்பு நடத்துகிறவர்கள் ஸ்லைடில் காட்டுவது இந்தப் பகுதியை மட்டும். அங்கீகாரம் பெறாத முறைகளில் டிகிரி, டிப்ளமோ வழங்கக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையினர் தவிர வேறு யாரும் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, மாநில அரசுகள் இதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அந்தப் பகுதி எந்த ஸ்லைடிலும் வராது. ஆகவே 'டிப்ளமோ இன் கிளினிக்கல் ஹிப்னாடிசம்' என்று விற்கிறவரிடம் கடிதத்தின் முழு நகலைக் கேளுங்கள். கண்காணிக்க வேண்டிய அதிகாரிகள் இருபது ஆண்டுகளாக என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நகரத்தின் மின்கம்பங்களில் தொங்கும் விளம்பரப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும்.

விளம்பரத்தின் அடியில் வரிசையாக இருக்கும் முத்திரைகளையும் பார்த்துவிடுவோம். 'உத்யம்' பதிவு என்பது தொழில் நடத்துகிறவர் தானே இணையத்தில் உறுதிமொழி கொடுத்து வாங்கிக்கொள்ளும் சிறு தொழில் பதிவு; மாவு மில்லுக்கும் அதுவேதான். 'நிதி ஆயோக் பதிவு' என்பது தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரத்தை ஏற்றும் 'தர்பன்' தளத்தின் எண். ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக நடைமுறையைப் பற்றியது; பாடத்தில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்பதற்காகப் பாடம் அரசுப் பாடமாகிவிடாது. இவற்றில் எதுவும் கல்வி அங்கீகாரம் இல்லை. எதுவும் இல்லை.

வெளிநாட்டு வாரியத்தின் சான்றிதழ் என்றால் கூடுதல் மரியாதை நமக்கு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவ் ஐக்கல் தன் வீட்டுப் பூனையின் பெயரில் விண்ணப்பித்து, ஹிப்னோதெரபி சங்கங்களிடமிருந்து அதற்குச் சான்றிதழ்கள் வாங்கிக் காட்டினார். பி.பி.சி.யின் கிறிஸ் ஜாக்சன் 2009இல் ஜார்ஜ் என்ற தன் பூனையை பிரிட்டனில் மூன்று அமைப்புகளில் பதிவு செய்தார். அதில் ஒன்று என்.எல்.பி. வாரியம். சந்தா கட்டினால் உறுப்பினர் என்பது அங்கேயும் வழக்கம்.

என்.எல்.பி. 1970களில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் பேண்ட்லர், ஜான் கிரைண்டர் இருவரும் தொடங்கியது. பிற்பாடு பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் நீதிமன்றம் போனார்கள். ஏகபோக உரிமை கோரிய பேண்ட்லருக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆராய்ச்சி ஆதாரமும் மெலிவுதான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1988 அறிக்கை அதன் அடிப்படைக் கருத்துகளுக்குத் தக்க சான்று இல்லை என்றது. கண் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற பிரபலமான பாடத்தை 2012இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு சோதித்துப் பார்த்தது, பலிக்கவில்லை. ஹிப்னாடிசத்தின் கதை வேறு. 1840களில் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற அறுவை மருத்துவர் அதன் முன்னோடி முறையில் நோயாளிகளை மயக்கித் துயிலச் செய்து அறுவை சிகிச்சைகள் செய்தார். இன்று பிரிட்டனின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதல், மருந்துக்கு ஓராண்டாகியும் அடங்காத குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னோதெரபியையும் பரிசீலிக்கலாம் என்கிறது. அதாவது தகுதியுள்ளவர் கையில் அது ஒரு துணைக் கருவி. பேச்சுத் திறன், விற்பனை, மேடைக் கூச்சம் இவற்றுக்காக என்.எல்.பி. வகுப்புக்குப் போகிறேன் என்பவரை நான் தடுக்கவில்லை. சொந்தப் பணம், சொந்த விருப்பம். இன்னொருவரின் மனநோயைக் குணப்படுத்தப் போகிறேன் என்று கிளம்பும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் மத்தியப் பதிவேட்டில் பெயரும் வேண்டும். இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் அபராதம் யாரைப் பயமுறுத்தும் என்பது வேறு விஷயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கிறது. வார இறுதி வகுப்பு அதில் இல்லை. தொலைதூரக் கல்வியில் உளவியல் பட்டம் சேர்த்துத் தருகிறோம் என்றால் இன்னும் கவனம்: 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. 'கௌரவ டாக்டர்' பட்டம் கூடுதல் சலுகை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2023இல் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஓர் அமைப்பு திரைத்துறையினருக்கு இப்படிப் பட்டம் கொடுத்து, பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்தது நினைவிருக்கலாம்.

சேரத்தான் போகிறீர்கள் என்றால், பயிற்சியாளரிடம் மறுவாழ்வுக் கவுன்சிலின் சி.ஆர்.ஆர். (மத்தியப் பதிவேட்டு) எண்ணையோ, மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையோ கேளுங்கள். எண்ணைக் கேட்டு வாங்கினால் போதாது. அந்தந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு செய்த மாநிலமும் தெரியும். பிற்பாடு நோட்டீஸ் அனுப்ப அந்தப் பெயர்தான் உதவும். விளம்பரத்தில் இருக்கும் பெயர் உதவாது. எத்தனை மணி நேரம் நேரடி வகுப்பு, யார் மேற்பார்வையில் பயிற்சி, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். "ஈசி இ.எம்.ஐ." என்றால், அது பயிற்சி நிறுவனத்தின் தவணை அல்ல, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வகுப்பு நின்றாலும் கடன் நிற்காது. கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்து விலகும் கால அவகாசம் எத்தனை நாள் என்று அதில் பாருங்கள்.

ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உங்களிடம் வருகிறவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், வலிப்பு உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் செய்து பார்க்காதீர்கள். 'முற்பிறவி'க்குக் கூட்டிப் போகிறேன், மறந்துபோன சிறுவயது நினைவை மீட்கிறேன் என்று இறங்காதீர்கள். அந்த நிலையில் வரும் நினைவு கற்பனையாக இருக்கலாம், சொல்பவருக்கோ அது உண்மையென்ற உறுதி கூடிக்கொண்டே போகும். அதை நம்பி உறவை முறித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. மறுபடியும் சொல்கிறேன்: மாத்திரையில் கை வைக்காதீர்கள். தற்கொலை பற்றிப் பேசுகிறவரை உங்கள் அறையில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லாமல் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணை அழைக்கச் செய்யுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இனி, ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது. முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், என்ன வாக்குறுதி தந்தார்கள், எது பொய்யானது, எத்தனை நாளில் பணம் வேண்டும் என்று எழுதி, பதிவு முகவரிக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ரசீது தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே ரசீது இல்லை என்பதையும் குறையாக எழுதுங்கள், வங்கிக் கணக்கு விவரத்தை இணையுங்கள்.

எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைக்கும். கல்வி என்பது 'சேவை' ஆகாது என்பது ஒன்று. 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு, பயிற்சி மையங்கள் முறையான கல்வி நிறுவனங்கள் ஆகா, நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று மனு சோலங்கி வழக்கில் சொல்லியிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். மற்றது, வணிக நோக்கத்துக்காகச் சேர்ந்தீர்கள் என்பது. சொந்த முன்னேற்றத்துக்கோ, தனியாளாகத் தொழில் செய்து பிழைக்கவோ சேர்ந்திருந்தால் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இல்லாத அங்கீகாரத்தைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் அது மோசடியும்கூட. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவது வழக்கம். அனுப்பினால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ காவல் ஆணையருக்கோ தபாலில் அனுப்புங்கள். 'டாக்டர்' என்று போட்டுக் கிளினிக் நடத்துகிறவர் மீது புகார் போக வேண்டிய இடம் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். பலகையின் புகைப்படம், ரசீது, விளம்பரம் மூன்றையும் இணையுங்கள். வாய்வார்த்தைப் புகாரை அங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். "அடுத்த பேட்ச்சில் சரிசெய்து தருகிறோம்" என்று இழுத்தடிப்பது அந்தக் கெடுவைத் தாண்டவைக்கத்தான். பணம் அனுப்பிய தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.