ரிசால் வரைந்த குறிப்புரை

பிலிப்பைன் நாட்டு விடுதலை வரலாற்றைக் கூறுவோர், ஹோசே ரிசாலின் புதினங்கள் இரண்டையே முதற்கண் எடுத்துரைப்பர். 1887இல் பெர்லினில் அச்சேறிய 'நோலி மீ தாங்கெரே'யும், 1891இல் கெண்ட் நகரில் வெளிவந்த 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'வும் ஸ்பானிய ஆட்சியை அசைத்தன என்பது உண்மையே. ஆயினும், அவ்விரண்டிற்கும் இடையே அவர் ஆற்றிய பணியொன்று உரைநூல்களோடு பழகிய நம்மனோர்க்குப் பெரிதும் நோக்கற்பாலது. அவர் ஒரு பழைய நூலுக்குக் குறிப்புரை வரைந்தார்.

அந்நூலை இயற்றிய அந்தோனியோ தெ மோர்கா, 1595 முதல் 1603 வரை மணிலாவில் துணை ஆளுநராகவும் உயர்முறைமன்ற நடுவராகவும் இருந்த ஸ்பானியர். நூல் 1609இல் மெக்சிக்கோவில் அச்சாயிற்று. ரிசால் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதனைத் தம் கையாற் படியெடுத்து, 1890இல் பாரிசிற் பதிப்பித்தார்.

ஆள்வோர் நூலை அவர் தேர்ந்தது ஏன்? ஸ்பானியர் வருகைக்கு முன்னர்த் தீவினர்க்கு நாகரிகமே இல்லை எனப் பாதிரிமார் பலர் எழுதிவந்தனர். அதனை மறுக்க ஆளுங்குலத்தார் சான்றே வலிதாம். தீவினருள் ஆடவரும் பெண்டிருமாக ஏறத்தாழ அனைவரும் எழுத வல்லவர் என்று மோர்காவே கூறியுள்ளார். பீரங்கி வார்த்தலும் மரக்கலம் கட்டுதலும் ஆகிய தொழில்கள் பின்னர் நலிந்தமையை ரிசால் தம் குறிப்புகளிற் சுட்டிச் செல்வர்.

பழங்காலத்தை இக்கால அளவுகோலால் அளந்தார் என, அப்பதிப்பிற்கு முன்னுரை அளித்த நண்பர் பெர்தினாந்து புளூமென்ட்ரிட்டே குறை கூறினார். முன்னுரையிலேயே நூலாசிரியரை மறுக்கும் நண்பர் அரியர்! அக்குறை ஓரளவு பொருந்துவதே என்பது எம் கருத்து. எனினும், மூலம் ஒன்று கூற, உரை அதன்வழியே மற்றொன்றை நிறுவும் அத்திறம் புதினங்களிற் காணற்கரியது.

ரிசால் 1896 திசம்பர் 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989இல் லகுனா மாநிலத்தில் ஒரு செப்பேடு கிடைத்தது. அதன் காலம் சகம் 822, அஃதாவது கி.பி. 900. மொழி, வடசொற்கள் விரவிய பண்டை மலாய். எழுத்து, சாவகத்தில் வழங்கிய கவி எழுத்து. அது பல்லவ எழுத்தின் வழிவந்தது. மோர்கா கண்ட எழுத்து வேறாகலின், இச்செப்பேடு அவர் கூற்றை நேரே நிறுவுவதன்று; தீவுகளில் எழுத்தாட்சியின் பழமையையே காட்டுவது. நம்வரன் என்பான் பட்டிருந்த பொற்கடன் தீர்ந்தது என்றும், அவன் வழியினரை அக்கடன் இனிப் பற்றாது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது.