தொழிலாளர் பக்கம் நின்றவர் நீதிபதியாகலாமா?

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் ஏற்படுத்திய விழா இது. வடகவுஞ்சியில் அன்று திருப்பலி முடிந்ததும் மக்கள் உடனே கலைவதில்லை. காப்பித் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்வோரும், அத்தோட்டங்களுக்கு உடைமையாளரும் ஒரே பந்தலில் அமர்ந்து தேநீர் அருந்துவர். அவ்வாறு அமர்ந்திருந்த வேளையில், 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தைப் பற்றி இளைஞர் சிலர் பேசத் தொடங்கினர். அப்படத்தின் வழக்கறிஞர் உண்மையில் வாழ்பவர் என்றும், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவர் என்றும் ஓர் இளைஞர் கூறினார்.

உடனே தோட்ட உரிமையாளரான பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “சாமி, யூனியன்காரர்களோடு கொடி பிடித்தவரை நீதிபதி நாற்காலியில் வைத்தால், எங்களைப் போன்றவர்களுக்கு நியாயம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கேள்வி நேர்மையானது. லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரமும், எளியவன் என்பதற்காக அவன் பக்கம் சாய்வதையும் பெரியவன் என்பதற்காக அவனுக்கு முகம் பார்ப்பதையும் ஒருங்கே விலக்குகின்றது. எனவே இதனை எளிதில் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

நீதியரசர் கே. சந்துரு திருவரங்கத்தில் பிறந்தவர். சென்னையில் இயேசு சபைத் தந்தையரின் இலொயோலாக் கல்லூரியில் பயின்றபோது மாணவர் போராட்டத்தில் முன்னின்றமையால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தார். (நம் கல்லூரி இழந்த மாணவர் என்று நான் சொன்னபோது இளைஞர்கள் சிரித்துவிட்டனர்.) மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் மாணவர் அணியில் முழுநேரத் தொண்டராக ஊர் ஊராகச் சென்று, தொழிலாளர் வீடுகளில் உண்டு உறங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் உதயகுமார் 1971இல் மாண்டது பற்றிய விசாரணையில் மாணவர் தரப்பில் பங்கேற்றதே அவரைச் சட்டப்படிப்பின் பக்கம் திருப்பியது.

வழக்கறிஞரானதும் அவர் சேர்ந்த இடம் தொழிற்சங்க வழக்குகளுக்குப் பெயர் பெற்ற ‘ராவ் - ரெட்டி’ அலுவலகம். அந்த வி. ஜி. ராவ் சாதாரணமானவர் அல்லர். அவர் சார்ந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை அரசு சட்டவிரோதமானதென அறிவித்தபோது வழக்காடி, சங்கம் அமைக்கும் உரிமையை 1952இல் உச்சநீதிமன்றத்திலும் நிலைநாட்டியவர். சங்கம் சேரும் அவ்வுரிமையைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் தொழிலாளருக்கு உரியதென ஏற்றுக்கொண்டார் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர்.

ராசாக்கண்ணு வழக்கு 1993ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த குறவர் இனத்தவரான அவர் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தார். தப்பியோடிவிட்டார் என்றனர் காவலர். அவர் மனைவி பார்வதிக்காகக் கட்டணமின்றி வழக்காடியவர் சந்துரு. லூக்கா நற்செய்தியில் நடுவனிடம் ஓயாது முறையிட்ட கைம்பெண்ணுக்கு வழக்கறிஞர் எவரும் இருந்ததாக நாம் வாசிப்பதில்லை; பார்வதிக்கு ஒருவர் இருந்தார்.

2006ஆம் ஆண்டு சூலையில் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். கட்சியின் ஆள் நாற்காலியில் அமர்ந்தாரா? இல்லை. இலங்கைச் சிக்கலில் எழுந்த கருத்து வேறுபாட்டால் 1980களின் இறுதியிலேயே அவர் கட்சியை விட்டு நீங்கியிருந்தார். தம் சொந்த இனமாகிய வழக்கறிஞர்களின் நீதிமன்றப் புறக்கணிப்புகளையும் வெளிப்படையாகக் கண்டித்தார். சிவப்பு விளக்கு, மெய்க்காவலர், ‘மை லார்டு’ என்னும் விளி ஆகிய எதனையும் விரும்பவில்லை. ஏறக்குறைய ஏழாண்டுகளில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். உசிலம்பட்டிப் பகுதியில் பெண் ஒருவர் கோயில் பூசை செய்யலாமென்று 2008இல் தீர்ப்பளித்தார். சத்துணவுக் கூடப் பணியிடங்களில் இடஒதுக்கீடு வேண்டுமென்றார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்ற நாளில், பிரிவுபசார விழாவை மறுத்து, சொத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கடற்கரை நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறி வீடு திரும்பினார்.

நான் பெரியவரிடம் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டேன்: “ஐயா, முப்பது ஆண்டுகள் ஆலை முதலாளிகளுக்காகவே வாதாடிய வழக்கறிஞர் நீதிபதியாகும்போது, அவருடைய பழைய உறவைப் பற்றி நாம் கேட்கிறோமா?” அவர் பதில் கூறவில்லை. ஆனால் முகம் தெளியவுமில்லை. ஆகவே இன்னும் பழைய கதை ஒன்றைச் சொன்னேன்.

வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைச்சேரியில் உழவருக்கும் தொழிலாளருக்கும் வாதாடியவர். பொதுவுடைமையருக்கு உதவினாரென்று 1948இல் சிறையிலடைக்கப்பட்டவர். 1957இல் கேரளத்தின் நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்ட அமைச்சர். அந்த அமைச்சரவையை எதிர்த்துக் கேரளத்தில் நடந்த ‘விமோசன சமர’த்தில் நம் திருச்சபை முன்னணியில் நின்றது, 1959இல் ஆட்சி கலைக்கப்பட்டது. அவரே 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் 1973இல் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பாமலில்லை. ஆனால் 1975 சூன் 24இல் இந்திரா காந்தியின் மேல்முறையீடு அவர் முன் வந்தபோது, சட்ட அமைச்சர் சந்திக்க விரும்பியதை மறுத்துவிட்டு, பிரதமர் பதவியில் நீடிக்கலாம், அவையில் வாக்களிக்கலாகாது என்று நிபந்தனைத் தடையே வழங்கினார். இரு தரப்பையும் அவர் முழுதாக மகிழ்விக்கவில்லை.

1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் அவர் எழுதிய தீர்ப்போ நம்மையே தொட்டது. முதலாளியும் தொழிலாளியும் முறையாகக் கூடிப் பணியாற்றி மக்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் இடம், இலாப நோக்கம் இல்லாவிடினும், ‘தொழில்’ என்று அது வகுத்தது. மருத்துவமனையும் கல்விக் கூடமும் அதனுள் அடங்கின. ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகார் என்று 1988இல் உச்சநீதிமன்றம் கூறினாலும், வண்டி ஓட்டுபவரும் தோட்டம் கூட்டுபவரும் அத்தகைய விலக்குப் பெறவில்லை. தருமப்பணி என்ற பெயர் சொல்லிக் கூலியைக் குறைக்கும் வழக்கம் நம் நிறுவனங்களில் இருந்ததே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன்.

இதைக் கேட்டதும் பெரியவர் முதன்முறையாகப் புன்னகைத்தார். “அப்படியென்றால் சாமி, உங்கள் பங்களாவில் சமைக்கிற அம்மாவுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்?”

அந்த அம்மாள் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு அப்போதுதான் எங்களைக் கடந்து சென்றார். தொகையைச் சொன்னேன். பந்தலில் எவரும் பேசவில்லை. “என் தோட்டத்தில் அதைவிடக் கூடத்தான்” என்றார் பெரியவர். அந்த வாரமே பங்குப் பேரவையைக் கூட்டி அவருடைய ஊதியத்தை உயர்த்தினோம்; வாரம் ஒரு நாள் விடுப்பும் எழுதி வைத்தோம். பெரியவர் தம் தோட்டத்துக் கூலிப் பதிவேட்டை அடுத்த ஞாயிறு கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.